மண்ணின் தன்மையைப் பொறுத்து

திருக்கடையூர் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவு வருவது அறுபதாம் கல்யாணம். அமிர்தகடேசுவரர் கோயில் பிராகாரத்தில் முகூர்த்த நாட்களில் எத்தனை தம்பதியர் மாலையும் கழுத்துமாக அமர்ந்திருப்பார்கள் என்று எண்ணி முடியாது. அபிராமியைத் தரிசித்துவிட்டு வந்த வழியே திரும்பிவிடுகிறார்கள். கோயிலிலிருந்து கிழக்கே போகிறவர்கள் குறைவு. சில கிலோமீட்டர் போனால் கடல் வந்துவிடும். மேட்டூரில் திறக்கும் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை இது. நிலத்தடியில் கடல் நீர் முதலில் வந்து சேரும் இடமும் இதுதான். இந்த இரண்டுக்கும் நடுவே நெல்வயல், தென்னை, சவுக்கு, ஆங்காங்கே இறால் குட்டைகள்.

இலக்கியம் படிக்கவும் அவ்வப்போது மொழிபெயர்க்கவும் கூடுகிற எங்கள் சிறு குழு இறால் குட்டைகளைப் பற்றி எழுதுவானேன் என்று கேட்கக்கூடும். எங்கள் நண்பர் ஒருவருக்கு இந்தக் கிழக்குப் பக்கத்தில் வயல் இருக்கிறது. அவருக்காக ஒரு பக்கத் தமிழ் எழுதிக் கொடுக்க வேண்டி வந்தது. விஞ்ஞானிகளின் ஆங்கிலத்திலிருந்து சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் படிக்கக்கூடிய தமிழுக்கு ஒரே ஒரு பக்கம். நாங்கள் செய்த மொழிபெயர்ப்புகளிலேயே மிகக் கடினமானது அதுதான். அதைச் சொல்வதற்கு முன், இந்த ஊர்ப்பக்கத்து இறாலின் சட்ட வரலாற்றைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஏற்றுமதிக்காக வரி இறால் வளர்ப்பது சோழமண்டலக் கடற்கரை முழுக்கப் பரவியது. அன்றைய நாகப்பட்டினம் மாவட்டக் கடலோரத்தில் நெல் விளைந்த நிலங்கள் வெட்டிக் குட்டைகளாக்கப்பட்டன. கடல் நீரை உள்ளே இறைத்து, வளர்ப்பு முடிந்ததும் கழிவு நீரை வாய்க்காலில் விட்டார்கள். குடிநீர்க் கிணறுகள் உப்பாயின. பூமிதானக் காலத்திலிருந்து நிலமற்றவர்களுக்காக உழைத்து வந்த சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதனும் அவர் துணைவியார் கிருஷ்ணம்மாளும் இதை எதிர்த்துச் சத்தியாகிரகம் செய்தார்கள். ஜெகந்நாதன் 1994-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். எண்பது வயதில் ஒரு காந்தியவாதி உப்புக்காக நடத்திய போராட்டம். ஆனால் இந்த முறை உப்பு வேண்டாம் என்பதற்காக.

நீதிமன்றம் செய்த முதல் காரியம் விஞ்ஞானிகளைக் கூப்பிட்டது. நாக்பூரில் உள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம், அதாவது ‘நீரி’, 1995-இல் ஆந்திர, தமிழகக் கடலோரங்களைப் பார்வையிட்டு அறிக்கை தந்தது. இறால் விற்று வரும் வருமானத்தைவிட, சூழலுக்கும் உள்ளூர்ப் பொருளாதாரத்துக்கும் ஏற்படும் சேதம் அதிகம் என்பது அதன் கணக்கு. 1996 டிசம்பர் 11 அன்று நீதிபதிகள் குல்தீப் சிங்கும் சாகிர் அகமதும் அளித்த தீர்ப்பை நாங்கள் முழுவதும் படித்தோம். இலக்கிய வாசகருக்கு அதில் உடனே படுவது ஒன்றுண்டு: தீர்ப்பின் பெரும்பகுதி மேற்கோள். பக்கம் பக்கமாக ஆய்வறிக்கைகள். அவற்றைச் சுருக்கித் தம் சொற்களில் தர நீதிபதிகள் அதிகம் முயலவில்லை. விஞ்ஞானிகளையே பேச விட்டார்கள். அதன் பிறகு உத்தரவு: கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் பாரம்பரிய முறை தவிர மற்ற இறால் பண்ணைகளை 1997 மார்ச் 31-க்குள் அகற்ற வேண்டும், விளைநிலம், உப்பளம், அலையாத்திக் காடு, ஊர்ப் பொதுநிலம் ஆகியவற்றை இறால் குட்டையாக்கக் கூடாது, கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும்.

பண்ணைகள் அகற்றப்படவில்லை. மறு ஆய்வு மனுக்கள் வந்தன, இடிப்பு நிறுத்தி வைக்கப்பட்டது. 1997-இல் மாநிலங்களவைக்கு ஒரு மசோதா வந்து, சட்டமாகாமலே போனது. எட்டு ஆண்டுகள் கழித்து, 2005 ஜூனில், கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் நிறைவேறியது. அதன் 27-ஆம் பிரிவின் மையம் ஒரு சிறு வாக்கியம். கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையின் தடைகள் இறால் வளர்ப்புக்குப் பொருந்தாது என்ற வரியை அது சேர்த்தது. சேர்த்தது மட்டுமல்ல, அந்த அறிவிக்கை வெளியான 1991 பிப்ரவரி 19 முதலே அந்த வரி அங்கே இருந்ததாகக் கருத வேண்டும் என்றது. இருந்திராத ஒரு வரியை இறந்தகாலத்தில் எழுதிச் சேர்க்கும் அதிகாரம் சட்டமன்றங்களுக்கு மட்டுமே உண்டு. நாவலாசிரியர்களுக்குக்கூட அது அடுத்த பதிப்பில்தான் வாய்க்கும்.

இதை வைத்து ‘அரசியல்வாதிகள் அறிவியலைக் கேட்பதில்லை’ என்று முடித்துவிடுவது எளிது. எங்களுக்கு அது சரியாகப் படவில்லை. அதே 2005-இல், இதே மாவட்டத்தில், வேறொன்றும் நடந்தது. 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலை நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. பின்வாங்கும்போது வயல்களில் உப்பை விட்டுச் சென்றது. சில வாரங்களில் வேளாண் விஞ்ஞானிகள் வயலில் இறங்கி மண் எடுத்தார்கள். உவர்ச் சேற்றை வழித்தெடுப்பது, தேவைப்பட்ட இடத்தில் ஜிப்சம் இடுவது, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவது, நல்ல தண்ணீர் கட்டி வடிப்பது என்று முறைகள் வகுக்கப்பட்டு, அரசாணையாகவும் உதவித் திட்டமாகவும் கிராமத்துக்கு வந்தன. அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழையும் பெரிதாகப் பெய்து உப்பைக் கழுவியது. அறிவியலும் நிர்வாகமும் கைகோத்து வேலை செய்ததை இந்தப் பகுதி விவசாயிகள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள்.

ஒரே ஆண்டு, ஒரே உப்பு. ஒன்று ஒரு காலை நேரத்தில் எல்லோர் கண்முன்னும் வந்தது. மற்றொன்று மண்ணுக்குள் ஆண்டுக்குச் சில அடி வீதம் பக்கவாட்டில் நகர்ந்து வருவது. அதற்குப் படமும் இல்லை, தேதியும் இல்லை. அதைப் பார்க்க எண்கள் வேண்டும். எண்களை யாராவது படித்துச் சொல்லவும் வேண்டும்.

நண்பரின் வயலுக்கு வருவோம். அவர் வயலை ஒட்டி ஒரு பண்ணை இருக்கிறது. நடுவில் ஒரு வரப்பு, ஒரு சிறு வாய்க்கால். பண்ணையோரப் பாத்தியில் சம்பா நாற்று நட்ட பத்தாம் நாளே இலைநுனி வெளுத்துக் கருகுகிறது. சாலையோரப் பாத்தியில் பயிர் நன்றாக நிற்கிறது. மனு கொடுத்தார். மண் பரிசோதனை செய்யச் சொன்னார்கள், செய்தார். அறிக்கையில் மின்கடத்துத்திறன் என்ற கட்டத்தில் 1-ஐச் சற்றே தாண்டிய ஓர் எண் இருந்தது. நெல் 3 வரை தாங்கும், ஆகவே உப்பினால் பாதிப்பில்லை என்று பதில் வந்தது. அந்தப் பதிலை எடுத்துக்கொண்டுதான் எங்களிடம் வந்தார். “இங்கிலீஷ்ல இருக்கிறத நீங்க படிச்சுச் சொல்லுங்க சார். பயிர் கருகுறது கண்ணுக்குத் தெரியுது. நம்பர் இல்லங்குது” என்றார்.

படித்தோம். எங்களில் ஒருவர் பள்ளியில் வேதியியல் கற்பித்தவர் என்பதால் கொஞ்சம் துணிச்சல் இருந்தது. மண்ணில் எவ்வளவு உப்பு என்பதை அதன் கரைசலில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதை வைத்து அளக்கிறார்கள். அலகு டெசிசீமன்ஸ். ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் கையேடுகள் சொல்வது இது: நெல் மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸ் வரை விளைச்சல் குறையாமல் தாங்கும், அதற்குமேல் ஏறும் ஒவ்வோர் அலகுக்கும் சுமார் 12 சதவீதம் குறையும். மனுவுக்கு வந்த பதில் இந்த 3-ஐத்தான் எடுத்துக்கொண்டது. ஆனால் கையேட்டின் 3 என்பது, மண்ணைக் குழம்பு பதத்துக்கு நீரில் ஊறவைத்து, அதிலிருந்து உறிஞ்சி எடுத்த சாற்றில் அளப்பது. நம் மண் பரிசோதனை நிலையங்களில் வழக்கமாகச் செய்வது, ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு அல்லது இரண்டரைப் பங்கு தண்ணீர் ஊற்றிக் கலக்கி அளப்பது. தண்ணீர் கூடினால் உப்பு நீர்த்துப் போகும், எண் இறங்கும். இரண்டு அளவும் ஒரே பெயரில், ஒரே அலகில் எழுதப்படுகின்றன. ஒன்றை மற்றொன்றாக மாற்றப் பெருக்கிக்கொள்ள வேண்டும். எத்தனையால் பெருக்குவது? மணலுக்கு அதிகம், களிமண்ணுக்குக் குறைவு. மண்ணின் தன்மையைப் பொறுத்தது.

மொழிபெயர்ப்பவர்களுக்கு இது தெரிந்த சங்கடம்தான். இரு மொழிகளில் ஒரே எழுத்துக்கூட்டல் உள்ள இரு சொற்கள் வேறு வேறு பொருள் தரும். அகராதி பார்க்காமல் கடந்துவிட்டால் வாக்கியம் தலைகீழாகிவிடும். இங்கே தலைகீழானது ஒரு குடும்பத்தின் ஒரு போகம்.

‘மண்ணின் தன்மையைப் பொறுத்து’ என்ற அதே சொற்றொடர் இன்னோரிடத்திலும் எங்களைத் தடுத்து நிறுத்தியது. 2005 சட்டத்தின் கீழ் வந்த வழிகாட்டு நெறிமுறைகள் இறால் பண்ணைக்கும் அடுத்துள்ள விளைநிலத்துக்கும் நடுவே 50 முதல் 100 மீட்டர் வரை இடைவெளி வேண்டும் என்கின்றன, மண்ணின் நிலையைப் பொறுத்து. குடிநீர் ஆதாரத்திலிருந்து 100 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்பதும் உண்டு. அந்த ஐம்பதுக்கும் நூறுக்கும் நடுவில் விஞ்ஞானிகள் நேர்மையாகத்தான் நடந்துகொண்டிருக்கிறார்கள். களியில் நீர் மெல்லக் கசியும், மணலில் வேகமாகக் கசியும். எல்லா ஊருக்கும் ஒரே எண்ணைச் சொல்வது பொய்யாகிவிடும். ஆய்வாளரின் மனச்சாட்சி ‘பொறுத்து’ என்ற சொல்லில்தான் இருக்கிறது. ஆனால் அதே சொல் சட்டத்துக்குள் நுழைந்ததும், மண்ணின் நிலை என்ன என்று யாரும் கேட்காத இடங்களில், ஐம்பது என்று பொருள்பட்டுவிடுகிறது. சில இடங்களில் ஒரு வரப்பு என்றும்.

மாவட்டத்தைச் சேர்ந்த சட்டமன்ற உறுப்பினர் ஒருவரிடம் நேரம் கிடைத்தது. அவருடைய வேலைநாளைப் பார்க்க வாய்த்தது எங்களுக்கு ஒரு கல்வி. வாசலில் முதியோர் உதவித்தொகை, மாற்றுச் சான்றிதழ், டிரான்ஸ்பார்மர், கோயில் திருவிழாப் பாதுகாப்பு. உதவியாளர் ஒருவர், இரண்டு கைப்பேசிகள். சட்டமன்றக் கூட்டத்தொடரில் மானியக் கோரிக்கை விவாதத்துக்கு ஒவ்வொரு துறையும் கொள்கை விளக்கக் குறிப்பு என்று புத்தகம் போட்டு உறுப்பினர் மேசையில் வைக்கிறது. அதில் துறை என்ன செய்தது என்பது இருக்கும். துறை செய்வது சரியா என்று அறிவியல் கேட்கும் கேள்வி இருக்காது. அது துறையின் வேலையும் அல்ல. அப்படியென்றால் அது யாருடைய வேலை?

பிரிட்டனில் அதற்கென்றே ஓர் அலுவலகம் வைத்திருக்கிறார்கள். 1989-இல் தொடங்கிய நாடாளுமன்ற அறிவியல் தொழில்நுட்ப அலுவலகம், ஒரு பொருளைப் பற்றி ஆய்வுலகம் என்ன சொல்கிறது, எங்கே ஒத்துப்போகிறது, எங்கே முரண்படுகிறது என்பதைப் பெரும்பாலும் நான்கே பக்கங்களில் எழுதி உறுப்பினர்களுக்குத் தருகிறது. இன்ன முடிவு எடு என்று சொல்வதில்லை. அமெரிக்க நாடாளுமன்றம் 1972-இல் இத்தகைய அலுவலகத்தைத் தொடங்கி, சுமார் 750 ஆய்வுகளை வாங்கிக்கொண்டு, 1995-இல் சிக்கனம் என்று சொல்லி மூடியது. நம் நாடாளுமன்றத்துக்கு நூலகமும் ஆராய்ச்சிப் பிரிவும் உண்டு. 2005 முதல் தில்லியில் இயங்கிவரும் பி.ஆர்.எஸ். சட்ட ஆய்வு அமைப்பு மசோதாக்களைப் பிரித்து விளக்குகிறது. 2010 முதல் இளம் பட்டதாரிகளை நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஓராண்டு உதவியாளராக அனுப்பும் திட்டமும் வந்தது. எல்லாம் நல்ல காரியங்கள். ஆனால் நிலமும் நீரும் வேளாண்மையும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. அதைப் பற்றிப் பேசும் அவை சென்னையில் இருக்கிறது, அது தமிழில் பேசுகிறது.

விஞ்ஞானியையே அவைக்குள் கொண்டுபோய் உட்காரவைத்தால் என்ன என்றும் தோன்றும். அதுவும் நடந்ததுதான். கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் 2007 முதல் 2013 வரை மாநிலங்களவையில் நியமன உறுப்பினராக இருந்தார். பெண் விவசாயிகளின் உரிமைகளுக்காக 2012-இல் அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதா, அவர் பதவிக்காலத்தோடு காலாவதியானது. அவையில் ஒரு விஞ்ஞானி இருப்பது வேறு, அவைக்கு அறிவியல் போய்ச் சேர்வது வேறு.

2020-ஐ நினைத்துப் பார்க்கலாம். காவிரி டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாகும் என்று பிப்ரவரி 9 அன்று அப்போதைய முதல்வர் அறிவித்தார். பிப்ரவரி 20 அன்று மசோதா அவைக்கு வந்து அன்றே நிறைவேறியது. மீத்தேனுக்கும் ஹைட்ரோகார்பனுக்கும் எதிராகப் பல ஆண்டுகள் போராடிய டெல்டாவுக்கு அது பெரிய வெற்றி. அதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. துத்தநாகம், தாமிரம், அலுமினிய உருக்காலைகள், இரும்பாலை, தோல் பதனிடுதல், கப்பல் உடைத்தல், எண்ணெய் எரிவாயு எடுத்தல் ஆகியவை தடைப் பட்டியலில் உள்ளன. ஹைட்ரோகார்பன் திட்டங்களால் டெல்டாவுக்கு நேரும் பாதிப்புகளை ஆராய மண் உயிரியலாளர் சுல்தான் அகமது இஸ்மாயில் தலைமையில் நிபுணர் குழு அமைந்தது 2021-இல். முதலில் சட்டம், பிறகு ஆய்வு. ஒருநாள் விவாதத்தில், பட்டியலில் இறால் வளர்ப்பு ஏன் இல்லை என்றோ, கடைமடை மண்ணுக்கு எந்த உப்பளவு எல்லை என்றோ கேட்க ஓர் உறுப்பினர் விரும்பியிருந்தாலும், கையில் எதை வைத்துக்கொண்டு கேட்டிருப்பார்? 2023-இல் நாடாளுமன்றம் 2005 சட்டத்தைத் திருத்திச் சிறைத்தண்டனையை எடுத்துவிட்டு அபராதமாக்கியது. நாகையிலிருந்து பிரிந்த மயிலாடுதுறை மாவட்டத்துக் கடலோரத்தில் அது பெரிய செய்தியாகப் பேசப்படவில்லை.

இறாலுக்காகவும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இது எல்லாப் பண்ணையும் கேடு என்று சொல்லும் கட்டுரை அல்ல. 1995-ஐ ஒட்டி வெள்ளைப்புள்ளி நோய் வந்து வரி இறால் பண்ணைகளைத் தரைமட்டமாக்கியபோது, கடன் வாங்கிய சிறு விவசாயிகளும் அழிந்தார்கள். 2009-க்குப் பிறகு வனாமி இறால் வந்து பலருக்குக் கைகொடுத்திருக்கிறது. சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்தில் அடக்கமாக வளர்ப்பது எப்படி என்று ஆய்ந்தவர்களும் விஞ்ஞானிகளே. ஆகவே ‘விஞ்ஞானம் இறாலுக்கு எதிரி’ என்று அந்த ஒரு பக்கத்தில் எழுதியிருந்தால் அது எங்கள் கட்சி அறிக்கையாகியிருக்கும், உறுப்பினருக்கும் பயன்பட்டிருக்காது.

ஒரு பக்கத்தை நான்கு முறை எழுதினோம். ‘டெசிசீமன்ஸ்’ என்ற சொல்லை நீக்கவில்லை. அதன் அருகிலேயே எந்த முறையில் அளந்தது என்பதைச் சேர்த்தோம். இரண்டு எண்களையும் இரண்டு நெடுவரிசைகளில், ஒன்றோடொன்று ஒப்பிடக் கூடாது என்ற குறிப்போடு வைத்தோம். நாற்றுப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் நெல் உப்புக்கு மிக மென்மையாக இருக்கும், இடையில் சற்றுத் தாங்கும் என்பதையும் எழுதினோம்; அறுவடைக்குப் பின் எடுத்த மண் நடவின்போது இருந்த உப்பைச் சொல்லாது என்பது அதிலிருந்து தானே விளங்கும். கடைசி வரியில் ஒரு கேள்வி: இந்த மாவட்டத்தில் பண்ணைகளுக்கு அனுமதி தரும்போது மண்ணின் நிலை யாரால், எந்த முறையில் பதிவு செய்யப்படுகிறது? சட்டமன்றத்தில் கேட்கக்கூடிய கேள்வி அது. பதில் ஒரு கோப்பாகவோ, கோப்பு இல்லை என்பதாகவோ இருந்தாக வேண்டும்.

உறுப்பினர் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். நாங்கள் எதிர்பார்த்ததைவிட நிதானமாகவே படித்தார். பிறகு நிமிர்ந்து, “அம்பதா, நூறா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க சார். அங்க எழுந்து நின்னு ‘பொறுத்து’ன்னு சொன்னா சிரிச்சிடுவாங்க” என்றார்.

நாங்கள் விளக்கத் தொடங்கினோம். கசிவு, துளை, அடுக்கு என்று ஏதோ சொல்லிக்கொண்டிருக்கையில் நண்பர் குறுக்கிட்டார்: “ஐயா, நம்ம பக்கம் மேல ஒண்ணரை அடி மணல், அடியில களி. தண்ணி கீழ போவாதுங்க. களி மேலயே வழுக்கிக்கிட்டுப் பக்கத்து வயலுக்குத்தான் வரும். மேற்க பூராவும் களி, அங்க அம்பது போதும். எங்களுக்கு நூறுங்கய்யா.”

உறுப்பினரும் விவசாயக் குடும்பத்தில் வந்தவர்தான். பேனாவை எடுத்து, எங்கள் பக்கத்தின் ஓரத்தில் ‘மேல் மணல், கீழ் களி – 100’ என்று எழுதிக்கொண்டார். ஒன்றரை அடி மணல் என்பதை யார் அளந்தது என்று கேட்டார். கிணறு வெட்டியபோது பார்த்தது என்றார் நண்பர். அப்படியானால் அதையும் அளந்து, புல எண் போட்டு ஒரு தாளில் கொண்டுவாருங்கள், கேள்வியோடு வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லி, அடுத்து நின்றவரின் டிரான்ஸ்பார்மருக்குத் திரும்பினார்.

ஆகவே இப்போது வேலை இரண்டாம் பக்கத்தில் நிற்கிறது. சம்பா நடவின்போது ஒரு முறை, சித்திரை வெயிலில் உப்பு மேலே பூக்கும்போது ஒரு முறை மண் எடுக்க வேண்டும். பண்ணைக் கரையிலிருந்து 10, 25, 50, 100 மீட்டரில், ஒவ்வோரிடத்திலும் இரண்டு ஆழத்தில். ஊறவைத்துச் சாறெடுத்து அளக்கும்படி பரிசோதனை நிலையத்துக்குத் தனியாக எழுதிக் கேட்க வேண்டும். அந்தக் கடிதத்தின் வரைவு தயாராகிவிட்டது. 100 மீட்டர் அளவு நாடா செம்பனார்கோயில் கடையில் இல்லை, மயிலாடுதுறையில் சொல்லிவைத்திருக்கிறோம்.